பனி கரைந்ததும் ஒன்ராறியோக் காடுகளில் பூப்பவை: அடையாளம், பெயர், பறிக்கலாமா?

செம்பருத்தி

வணக்கம். ஸ்காபரோவில் இருக்கிறோம். இந்த வசந்தத்தில்தான் அம்மாவோடு ரூஜ் காட்டுக்குள் நடக்கத் தொடங்கியிருக்கிறேன். மரங்கள் இன்னும் மொட்டையாக நிற்கின்றன, ஆனால் தரையெல்லாம் பூ. மூன்று செடிகளின் பெயர் தெரிய வேண்டும்.

ஒன்று: வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். ஒரு தண்டு, ஒரு பூ, ஒரே ஓர் இலை. அந்த இலை தண்டைச் சுற்றிப் போர்த்தியபடி நிற்கிறது. யாரோ மிதித்து முறிந்து கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன், விரலில் செம்மஞ்சள் சாறு ஒட்டிக்கொண்டது.

இரண்டு: தலை கவிழ்ந்த மஞ்சள் பூ, இதழ்கள் பின்பக்கம் வளைந்தவை. பச்சை இலையில் பழுப்புத் திட்டுகள். ஒரு சரிவு முழுக்க இலைதான், பூ அங்கொன்று இங்கொன்று.

மூன்று: இது ரூஜில் இல்லை, ஹாமில்டன் பக்கம் ஒரு சதுப்பில் பார்த்தது. இலையே இல்லாமல் சேற்றிலிருந்து கருஞ்சிவப்பாக ஒரு கூம்பு மட்டும். கிட்டப் போனால் நாற்றம்.

இனி அம்மாவின் கேள்வி: இதில் ஒன்றிரண்டை வேரோடு கிளப்பி வந்து பின்வளவில் நடலாமா? அவர் யாழ்ப்பாணத்தில் பெரிய தோட்டம் வைத்திருந்தவர், கை பட்டால் எதுவும் பிழைக்கும்.

இலைத்தடம்

வாருங்கள் செம்பருத்தி. நீங்கள் விவரித்த விதத்திலேயே விடை இருக்கிறது.

முதலாவது பிளட்ரூட். அந்தச் சாறுதான் அடையாளம். நிலத்தடியில் உள்ள கிழங்கை வெட்டினால் இன்னும் சிவப்பாக வரும். பாப்பிக் குடும்பம். நம் ஊரில் தரிசு நிலத்தில் முள்ளோடு நிற்குமே பிரம்மதண்டு, அதுவும் இதே குடும்பம்தான். அதை ஒடித்தால் மஞ்சள் பால் வரும். சாங்குவினரின் என்ற நச்சுப்பொருள் இரண்டிலும் உண்டு. 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்து, கால் வீங்கி, மூச்சு முட்டிப் பலர் இறந்தது நினைவிருக்கலாம். அதனால் கையில் பட்டால் கழுவிவிடுங்கள். மருவுக்கும் கட்டிக்கும் இந்தச் சாற்றைப் பூசலாம் என்று இணையத்தில் வரும் குறிப்புகளை நம்ப வேண்டாம், நல்ல தசையையும் சேர்த்தே அரித்துவிடும்.

பூவுக்கு ஆயுள் சில நாள்தான். நல்ல மழை ஒன்று அடித்தால் அதுவும் இல்லை. இருட்டினால் இதழைக் கூப்பிக்கொள்ளும். போர்த்தியிருக்கும் அந்த இலை, பூ உதிர்ந்த பிறகுதான் முழுசாக விரிந்து உள்ளங்கை அளவுக்கு மேல் வளரும்.

இரண்டாவது ட்ரவுட் லில்லி. இலை நிறைய, பூ குறைவு என்று சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். ஒற்றை இலை விட்ட செடி பூக்காது. பல வருடம் ஒற்றை இலையோடு ஓட்டி, கிழங்கு பெருத்து மண்ணில் ஆழமாக இறங்கிய பிறகே இரண்டு இலை விடும், அந்த ஆண்டுதான் பூ. பெரும்பாலான செடிகள் அந்தக் கட்டத்துக்கு வருவதே இல்லை, நிலத்தடியில் கிளைத்துப் பரவிக்கொண்டே இருக்கும். நூறு ஆண்டு தாண்டிய கூட்டங்கள் உண்டு. நீங்கள் பார்த்த சரிவும் அப்படி இருக்கலாம்.

மூன்றாவது ஸ்கங்க் காபேஜ். அது தனிக் கதை, யாராவது கேட்டால் எழுதுகிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், கிளப்ப வேண்டாம். ரூஜ் 2015 முதல் தேசிய நகரப் பூங்கா. அங்கே இலை, பூ, வேர், காய் எதையும் எடுக்கச் சட்டம் விடாது. ஆனால் சட்டத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு காரணம். இந்தப் பூக்களுக்கு வருடத்தில் கிடைப்பது ஐந்தாறு வாரம். பனி கரைவது ஏப்ரலில், மேப்பிளும் பீச்சும் இலை விரித்து மேலே கூரை போடுவது மே கடைசியில். இடைப்பட்ட நாட்களில்தான் காட்டின் தரைக்கு வெயில் முழுசாக விழும். அதற்குள் முளைத்து, பூத்து, காய்த்து, அடுத்த வருடத்துக்கான மாவையும் கிழங்கில் சேர்த்துவிட வேண்டும். ஜூன் பாதியில் போய்ப் பாருங்கள், அந்த ட்ரவுட் லில்லிச் சரிவில் ஓர் இலை இருக்காது. கண்ணுக்குத் தெரியும் அந்த ஓரிரு இலைதான் அதன் முழு வருடச் சம்பாத்தியம். நாம் எடுத்துவிட்டால் வெட்டிய இடத்தில் தளிர்க்கும் கீரை மாதிரி அது திரும்ப வராது.

வைகைக்கரை

வாட்டர்லூவில் இருக்கிறேன். ஸ்கங்க் காபேஜ் கதையைச் சொல்லுங்கள் அண்ணா. போன வருடம் மார்ச்சில் பார்த்தேன். சுற்றி எல்லாம் பனி, அதன் அடியில் மட்டும் வட்டமாகக் கரைந்து சேறு தெரிந்தது. பனி அங்கே தானாகக் கரைந்ததா, இல்லை அந்தச் செடி கரைத்ததா?

இலைத்தடம்

செடிதான் கரைத்தது தம்பி.

அந்தக் கருஞ்சிவப்புக் கூம்புக்குள் எட்டிப் பார்த்தால் உருண்டையாக ஒரு கதிர் இருக்கும், அதன் மேல்தான் சின்னச் சின்னப் பூக்கள். வேரில் சேர்த்து வைத்த மாவை அந்தக் கதிர் எரித்து வெப்பமாக்குகிறது. வெளியே காற்று உறைநிலையை ஒட்டி இருக்கும்போதும் கதிரின் வெப்பநிலை 15 முதல் 22 டிகிரி வரை நிற்கும். குளிர் கூடினால் அதிகமாக எரிக்கும், குறைந்தால் குறைத்துக்கொள்ளும். இப்படி ஏறக்குறைய இரண்டு வாரம். அந்தச் சமயத்தில் அது இழுக்கும் ஆக்சிஜன், அதே எடையுள்ள ஒரு சின்ன பாலூட்டி மூச்சு வாங்கும் அளவை எட்டும். சூட்டில் நாற்றம் தூரம் போகும். பனிக்காலம் முடியுமுன்பே நடமாடத் தொடங்கும் ஈக்கள் செத்த இறைச்சி என்று நினைத்து வந்து மகரந்தத்தைச் சுமந்து போகும்.

இதன் குடும்பம் உங்களுக்குப் பழக்கமானதுதான்: சேனை, சேம்பு. சேனை பூத்த தோட்டத்துப் பக்கம் போனவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும், சேனைப்பூவும் இதே போல் சூடாகும். இலையைக் கடித்தால் நாக்கும் தொண்டையும் ஊசி குத்தினாற்போல் எரியும், அதே கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். இலைகள் பின்னால் முட்டைக்கோஸ் மாதிரி பெரிசாக வரும் என்பதற்காகச் சமைக்க நினைக்காதீர்கள்.

இதே குடும்பத்தில் இன்னொன்று மே மாதம் இங்கே கிடைக்கும்: ஜாக் இன் த பல்பிட். பச்சைக் குடுவை, மேலே மூடி, உள்ளே நிமிர்ந்த ஒரு குச்சி. மெலிந்த செடி ஆண் பூ விடும். கிழங்கில் நல்ல சேமிப்பு இருக்கும் வருடம் அதே செடி பெண்ணாகிக் காய்க்கும். காய்த்து இளைத்துப்போனால் அடுத்த வருடம் மறுபடி ஆண். கொடைக்கானல், நீலகிரிச் சோலைகளில் இதன் நெருங்கிய உறவுகள் உண்டு, அங்கேயும் பாம்புப் படம் போலக் குடுவை விரித்து நிற்கும்.

பாலன்_ஒஷாவா

எல்லாம் சரி அண்ணை. ஆனால் "எதையும் தொடாதே" என்பது எனக்கு ஒப்பவில்லை. வன்னியில் காட்டை நம்பித்தான் நாங்கள் வளர்ந்தோம். பாலைப்பழம், வீரைப்பழம், தேன், கிழங்கு எல்லாம் காடு தந்தது. இங்கே நான் வருடா வருடம் வைல்ட் லீக் எடுக்கிறேன். தெரிந்தவரின் சொந்தக் காடு, அவர் அனுமதி தந்திருக்கிறார். பூண்டும் வெங்காயமும் சேர்ந்த மணம். நெத்தலிக் கருவாட்டோடு வதக்கினால் சொல்லி வேலை இல்லை. காட்டைப் பார்த்துவிட்டு மட்டும் வருவது என்றால் அது அருங்காட்சியகம், காடு இல்லை.

மண்வாசனை

பாலன், நீங்கள் சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். காட்டில் சாப்பிடப் பழகியவர்கள்தான் காட்டை உண்மையில் கவனிக்கிறார்கள். ஆனால் பாலைப்பழம் பறித்தால் பாலைமரம் நிற்கும். வைல்ட் லீக்கைக் கிழங்கோடு பிடுங்கினால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. விதை முளைத்துப் பூக்கும் பருவத்துக்கு வர ஏழு வருடம் போல ஆகும்.

கியூபெக்கில் இது நடந்து முடிந்த கதை. வசந்தத்தில் மூட்டை மூட்டையாகப் பிடுங்கிச் சந்தையில் விற்றார்கள். காடுகாடாகக் காணாமல் போனது. 1995இல் அந்த மாகாணம் விற்பனையையே தடை செய்தது. இப்போது ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு வருடத்துக்கு 50 செடிதான் எடுக்கலாம், பூங்காக்களில் அதுவும் இல்லை. ஒன்ராறியோவில் அப்படி ஒரு எண்ணிக்கை வரம்பு இல்லாததால் இங்கே நாமாகத்தான் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பாலன்_ஒஷாவா

நான் ஒருவன் ஒரு கட்டு எடுப்பதால் காடு அழியப் போகிறதா?

மண்வாசனை

உங்கள் ஒரு கட்டால் இல்லை. நீங்கள் முகநூலில் படம் போட்டதும் அடுத்த வாரம் வருகிற இருபது கார்களால்.

ஒரு வழி சொல்கிறேன், உங்கள் நண்பரின் காட்டிலேயே செய்து பாருங்கள். கிழங்கைத் தொடாமல், இரண்டு மூன்று இலை விட்ட செடியிலிருந்து ஓர் இலையை மட்டும் கத்தரியுங்கள். அதே மணம் இலையிலும் இருக்கிறது, கருவாட்டுக்கு இலையே போதும். மிச்ச இலை கிழங்குக்குச் சாப்பாடு போடும். ஜூனில் இலை பழுத்துப்போய், அப்புறம் ஜூலையில் வெறும் தண்டில் வெள்ளைப்பூ வரும். இலையோடு எடுத்தவர்கள் பலருக்கு இது பூப்பதே தெரியாது.

வாணி_பிராம்ப்டன்

வைல்ட் லீக் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஏப்ரல், மே மாதம் தரையிலிருந்து அகலமான பச்சை இலையோடு வருவது அது மட்டும் இல்லை.

லில்லி ஆஃப் த வாலி: பழைய வீட்டுத் தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டோரம் பரவியிருக்கும். இலை பார்க்க அதே மாதிரி, ஆனால் இரண்டு இலையும் ஒரே தண்டில் ஒன்றையொன்று சுற்றி வரும். இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சு, செடி முழுக்க.

ஃபால்ஸ் ஹெலிபோர்: ஈரமான இடங்களில் வரும், இலை விசிறி மடிப்பு மடிப்பாக நீளவாக்கில் கோடு ஓடும். அதுவும் கடும் நஞ்சு.

கசக்கி முகர்ந்தால் பூண்டு மணம் வர வேண்டும் என்பார்கள். உண்மைதான், ஆனால் முதல் நாலு செடிக்குப் பிறகு உங்கள் கையே பூண்டு மணக்கும், ஐந்தாவது எதுவானாலும் மணம் வரும். ஒவ்வொரு செடியையும் கண்ணால் பாருங்கள், வைல்ட் லீக் தண்டின் அடிப்பாகம் பெரும்பாலும் சிவப்போடியிருக்கும். சந்தேகம் வந்தால் அது சட்டிக்குப் போகக் கூடாது.

செம்பருத்தி

அப்ப ட்ரில்லியம்? அதைப் பறித்தால் அபராதம் என்று வேலையிடத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். இந்த வாரம் ரூஜில் மாஸ்ட் டிரெயில் என்ற நடைபாதைப் பக்கம் மொட்டு விட்டிருக்கிறது.

இலைத்தடம்

ஒன்ராறியோவில் அரை மக்கள் நம்பும் சட்டம் அது, ஆனால் அப்படி ஒரு சட்டம் இல்லை. வெள்ளை ட்ரில்லியம் 1937 முதல் மாகாணத்தின் மலர், அரசின் சின்னத்திலும் அதுதான். மாகாண மலர் என்பதாலேயே பறிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தேசியப் பூங்கா, மாகாணப் பூங்கா, ரொறன்ரோ மாநகரப் பூங்கா போன்ற இடங்களில் எந்தச் செடிக்கும் உள்ள பாதுகாப்பு இதற்கும் உண்டு.

அந்த வதந்தி பரவியதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஏனென்றால் அது நியாயமான வதந்தி. ட்ரில்லியத்துக்கு எல்லாமே மூன்று: மூன்று இலை, மூன்று இதழ், மூன்று புற இதழ். பூவைக் கிள்ளும்போது பெரும்பாலும் அடியில் உள்ள மூன்று இலையும் சேர்ந்து வந்துவிடும். அந்த இலை போனால் அந்த வருடம் முழுக்கப் பட்டினி. தப்பிப் பிழைத்தாலும் மறுபடி பூக்கச் சில வருடம் ஆகும். சில நேரம் செத்தே போகும்.

அதன் காலக்கணக்கைப் பாருங்கள். விதை விழுந்து முதல் குளிர்காலம் கழிந்து வேர் மட்டும் விடும். இரண்டாவது குளிர்காலத்துக்குப் பிறகுதான் மண்ணுக்கு மேல் ஓர் இலை. பிறகு வருடக்கணக்கில் ஒற்றை இலை, பிறகு மூன்று இலை. முதல் பூ வர ஏழு முதல் பத்து வருடம். மாஸ்ட் டிரெயிலில் நீங்கள் பார்க்கும் மொட்டு முளைத்த வருடம் பிறந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்.

விதையைப் பரப்புவது எறும்பு. ஒவ்வொரு விதையின் முனையிலும் வெள்ளையாகக் கொழுப்புச் சதை ஒன்று ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப் போய், சதையைத் தின்றுவிட்டு விதையைக் குப்பைக்குழியில் போடும். அந்தக் குழி விதைக்கு அருமையான நாற்றங்கால். பிளட்ரூட், ட்ரவுட் லில்லி, வயலட், காட்டு இஞ்சி, ஹெப்பாட்டிக்கா எல்லாம் இதே ஏற்பாடுதான். ஆனால் எறும்பு எவ்வளவு தூரம் நடக்கும்? சில மீட்டர். அதனால்தான் நடுவில் ஒரு நெடுஞ்சாலையோ வீட்டுத்திட்டமோ வந்து தனித்துப் போன காட்டுத்துண்டில் இவை ஒருமுறை அழிந்தால் தானாகத் திரும்புவது அபூர்வம்.

வெள்ளைப்பூ நாள்பட இளஞ்சிவப்பாகும், அது வேறு இனம் இல்லை, முதுமை. இதழில் பச்சைக் கோடு இருந்தால் அது ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி தொற்றிய நோய், அழகுக்காக அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நடாதீர்கள். கருஞ்சிவப்புப் பூ விடுவது தனி இனம், கெட்ட இறைச்சி வாடை அடிக்கும்.

மண்வாசனை

எறும்பு வந்ததால் மண்புழுவையும் சொல்கிறேன். இதைச் சொன்னால் நம்மவர்கள் நம்புவதே இல்லை.

மண்புழு உழவனின் நண்பன் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். தோட்டத்துக்கு அது உண்மை. ஒன்ராறியோக் காட்டுக்கு இல்லை. கடைசிப் பனியூழியில் இந்த நிலம் முழுக்கக் கிலோமீட்டர் கனப் பனிக்கட்டிக்கு அடியில் இருந்தது. இங்கே இன்று நாம் காணும் மண்புழுக்கள் ஏறக்குறைய எல்லாமே ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களின் செடித்தொட்டி மண்ணோடும் கப்பல் பாரத்தோடும் வந்தவை. அதற்கு முந்தைய ஆயிரக்கணக்கான வருடம் இந்தக் காடு மண்புழு இல்லாமலேயே வளர்ந்தது. விழுந்த இலை மெதுவாக மக்கி, பல வருட இலை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்து, மெத்தென்று ஓர் அடுக்காகும். ட்ரில்லியம் விதை முளைப்பதும், பிளட்ரூட் கிழங்கு படர்வதும், அவற்றின் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகள் வாழ்வதும் அந்த அடுக்கில்தான்.

புழு வந்த காட்டில் அந்த அடுக்கைச் சில வருடத்தில் தின்று தீர்த்துவிடும். வித்தியாசம் காலடியில் தெரியும். நல்ல காட்டில் கால் சற்றே அமுங்கும், இலையைக் கையால் விலக்கினால் கீழே இன்னும் இலை, அதற்குக் கீழே வெள்ளைப் பூஞ்சை இழை. புழு வந்த காட்டில் மேலே போன வருட இலை ஓர் அடுக்கு, அதை விலக்கினால் நேராகக் கட்டாந்தரை, மேலே பொடிப்பொடியாகப் புழுக்கழிவு. அங்கே பூவும் குறைவாகத்தான் இருக்கும். மீன் பிடிக்கப் போகிறவர்கள் மிச்சமான புழுவைக் காட்டில் கொட்டாதீர்கள், குப்பையில் போடுங்கள்.

வைகைக்கரை

இது எனக்குப் புதுசு. நன்றி. ஏரிக்கரை நடைப்பாதையில் கொட்டிவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாணி_பிராம்ப்டன்

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: பாய்சன் ஐவி, தொட்டால் தோல் அரித்துப் புண்ணாக்கும் செடி. மே மாதத்தில் துளிர் விடும்போது இலை சிவப்பாகப் பளபளவென்று இருக்கும், பிள்ளைகள் கை வைப்பது அப்போதுதான்.

ஒரு காம்பில் மூன்று சிற்றிலை. நடு இலைக்குக் காம்பு நீளம், பக்கத்து இரண்டும் தண்டோடு ஒட்டினாற்போல் இருக்கும். இலைகள் தண்டில் மாறிமாறி வரும், எதிரெதிராக வராது. முள் கிடையாது (ராஸ்பெரிக்கும் மூன்று இலை உண்டு, ஆனால் முள் இருக்கும்). தரையில் முழங்கால் உயரத்துக்குப் படரும், சில இடத்தில் மரத்தில் கொடியாக ஏறும். அந்தக் கொடித்தண்டில் பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும். பாதையோரமும் காட்டின் விளிம்பும்தான் அதற்குப் பிடித்த இடம்.

இது மா, முந்திரி, சேங்கொட்டைக் குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவர்கள், முந்திரிக்கொட்டையைச் சுட்டு உடைத்துக் கை கறுத்தவர்கள் நம்மில் பலர். அந்த எரிச்சலைத் தரும் எண்ணெய்களும் பாய்சன் ஐவியின் உருஷியோலும் நெருங்கிய இனம். அப்படிப்பட்டவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம், கவனமாக இருங்கள்.

பட்டுவிட்டது என்று தெரிந்தால் உடனே, முடிந்தால் அரை மணிக்குள், சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய் என்பதால் வெறும் தண்ணீர் போதாது. சப்பாத்து, சப்பாத்துக் கயிறு, நாயின் மயிர், கைத்தடி எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். அரிப்பு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும், அதனால் எங்கே பட்டது என்றே பலருக்குத் தெரியாது. பின்வளவில் இருந்தால் பிடுங்கி எரிக்காதீர்கள், புகையை மூச்சில் இழுத்தால் நுரையீரல் புண்ணாகும்.

கோடையில் இன்னொன்று: ஆளுயரத்துக்கு மேல், குடை மாதிரி வெள்ளைப்பூ விடும் ஜயன்ட் ஹாக்வீட். தண்டில் ஊதாத் திட்டுகள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போடும். வைல்ட் பார்ஸ்னிப்பும் அப்படித்தான், பூ மட்டும் மஞ்சள்.

ஊதாப்பூ

பள்ளியில் பட்டாம்பூச்சித் தோட்டம் பார்த்துக்கொள்கிறேன். வசந்தத்தோடு இந்த இழை நின்றுவிடக் கூடாது என்பதால் மில்க்வீடைக் கொண்டுவருகிறேன்.

ஜூலையில் ரூஜின் திறந்த வெளிகளிலும் மின்கம்பிப் பாதைகளிலும் இடுப்புயரம் நிற்கும். இளஞ்சிவப்புப் பந்து பந்தாகப் பூ, இனிப்பான மணம், ஒடித்தால் பால். நம் எருக்கின் உறவு. மொனார்க் பட்டாம்பூச்சியின் புழு மில்க்வீட் வகைகளைத் தின்றுதான் வளரும். எருக்கு இலையில் வரி வரியாகப் புழு மேய்ந்து ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி ஆகுமே, வெந்தய வரியன், அது மொனார்க்கின் நெருங்கிய இனம். இரண்டுமே செடியின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்புகின்றன.

ஸ்காபரோக்காரர்கள் பெருமைப்பட ஒன்று உண்டு. செப்டம்பரில் இங்கிருந்து கிளம்பும் மொனார்க்குகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது நீண்ட காலம் உலகத்துக்குத் தெரியாது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் பணியாற்றிய ஃபிரெட் உர்குஹார்ட்டும் மனைவி நோராவும் இறக்கையில் சின்னக் காகிதச் சீட்டு ஒட்டிப் பறக்கவிட்டு, பல நாட்டுத் தொண்டர்களைச் சேர்த்து, பல பத்தாண்டு தேடினார்கள். 1975 ஜனவரியில் அவர்களுடைய தொண்டர்களான கென் பிரக்கரும் கத்தலீனா அகுவாதோவும் மெக்சிகோவின் மலைக்காட்டில் அந்த இடத்தைக் கண்டார்கள். அடுத்த ஜனவரியில் உர்குஹார்ட் தானே ஏறிப் போனபோது, மினசோட்டாவில் சீட்டு ஒட்டிய ஒரு பட்டாம்பூச்சி அங்கே கிடைத்தது.

இவ்வளவுக்கும் ஆதாரமான செடி 2014 வரை ஒன்ராறியோவின் தீங்கான களைப் பட்டியலில் இருந்தது. இப்போது எடுத்துவிட்டார்கள். உங்கள் வளவில் தானாக முளைத்தால் விட்டுவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய எதிரி டாக் ஸ்ட்ராங்லிங் வைன். ரூஜில் ஏக்கர் ஏக்கராகச் சுருண்டு கிடக்கிறது. மில்க்வீட் குடும்பம், ஐரோப்பாவிலிருந்து வந்தது. மொனார்க் ஏமாந்து இதிலும் முட்டையிடும், பொரிக்கும் புழுக்கள் செத்துப்போகும். இதைத் தின்னும் ஓர் அந்துப்பூச்சியை உக்ரைனிலிருந்து கொண்டுவந்து பல வருடம் சோதித்து, 2013இல் இங்கே விட்டிருக்கிறார்கள். நிழலில் உள்ள கொடிகளில் ஓரளவு வேலை செய்கிறது, வெயிலில் உள்ளவற்றை அசைக்க முடியவில்லை.

வைகைக்கரை

கோடைப் பட்டியலில் சிக்கரியைச் சேர்க்க வேண்டும். ஜூலை முழுக்க நெடுஞ்சாலை ஓரம் வானநீலத்தில் பூத்து நிற்குமே, காலையில் விரிந்து மதியம் வாடிவிடும், அதன் வேரை வறுத்து அரைத்ததுதான் நம் ஃபில்டர் காபிப் பொடியில் கலக்கும் சிக்கரி. தமிழ்நாட்டில் இருந்தவரை அந்தச் செடியை நான் பார்த்ததே இல்லை. ரோட்டோரச் செடியைப் பிடுங்கி வறுக்காதீர்கள், குளிர்காலம் முழுக்கக் கொட்டிய உப்பும் வண்டிப் புகையும் அந்த மண்ணில்தான் இறங்கியிருக்கிறது.

அப்புறம் கோல்டன்ராட். ஆகஸ்ட் கடைசியில் தும்மல் வந்தால் எல்லோரும் அந்த மஞ்சள் பூவைத் திட்டுகிறார்கள். அதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, தேனீ சுமந்தால்தான் நகரும். தும்ம வைப்பது அதே நேரம் பக்கத்திலேயே பச்சையாக, பூ என்று தெரியாதபடி பூத்து நிற்கும் ராக்வீட். பார்த்தீனியத்தின் உறவு, மகரந்தம் காற்றில் போகும். கோல்டன்ராடைப் பிடுங்கினால் பாவம் தேனீக்குத்தான், குளிருக்கு முன் அதற்கு அதுவும் ஊதா ஆஸ்டரும்தான் கடைசிச் சாப்பாடு.

பாலன்_ஒஷாவா

மண்வாசனை, இலை மட்டும் எடுக்கும் யோசனையை இந்த வருடம் செய்கிறேன். நண்பரிடமும் சொல்லிவிட்டேன். ஆனாலும் கேட்கிறேன், மனம் விட்டுக் கூடை நிறையப் பறிக்கும்படி இந்த நாட்டில் ஒன்றும் இல்லையா?

இலைத்தடம்

இருக்கிறது பாலன். கார்லிக் மஸ்டர்ட். ஐரோப்பியர்கள் கீரைக்காகக் கொண்டுவந்தது, இப்போது காடுகளை மூடிக்கொண்டிருக்கிறது. முதல் வருடம் தரையோடு வட்டமான பற்கள் வைத்த இலை, இரண்டாம் வருடம் மே மாதம் நீண்ட தண்டில் நாலிதழ் வெள்ளைப்பூ. கசக்கினால் பூண்டு மணம். வேரிலிருந்து கசியும் பொருள் மண்ணில் உள்ள பூஞ்சைகளைக் கெடுக்கிறது, ட்ரில்லியத்துக்கும் மேப்பிள் கன்றுக்கும் அந்தப் பூஞ்சை இல்லாமல் முடியாது.

உங்கள் நண்பரின் காட்டில் கட்டாயம் இருக்கும். மழை பெய்த மறுநாள், காய் முற்றுமுன், அடித்தண்டைப் பிடித்து மெதுவாக இழுத்தால் வேர் முழுசாக வரும். தண்டு அறுந்தால் மறுபடி தளிர்க்கும். இளம் இலையைப் பருப்போடு கடையலாம், தேங்காய்ப்பூப் போட்டு வறையும் செய்யலாம், சற்றுக் கசக்கும். மிச்சத்தை உரக்குழியில் போடாதீர்கள், பிடுங்கிய பிறகும் பூ விதையாகும். கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வைத்துவிட்டுக் குப்பையில் சேருங்கள். விதை மண்ணில் பல வருடம் உறங்கும் என்பதால் அதே இடத்துக்கு வருடா வருடம் போக வேண்டிவரும். ரூஜில் தனியாகப் பிடுங்கக் கூடாது, அங்கே பூங்காவே தொண்டர்களைக் கூட்டிச் செய்யும் நாட்கள் உண்டு, அதில் சேரலாம்.

செம்பருத்தி

அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சம்மதித்துவிட்டார், ஆனால் பிளட்ரூட் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார். பின்வளவில் ஒரு மேப்பிள் மரம் இருக்கிறது, அடியில் புல் சரியாக வளர்வதில்லை. கடையில் வாங்கலாமா?

மண்வாசனை

மேப்பிள் நிழல் பிளட்ரூட்டுக்குத் தோதான இடம். இலையுதிர்காலத்தில் விழும் இலையை அந்தப் பாத்தியிலிருந்து வாராமல் விடச் சொல்லுங்கள்.

வாங்கலாம், ஆனால் கேட்டு வாங்குங்கள்: நாற்றங்காலில் விதையிலிருந்தோ கிழங்கைப் பிரித்தோ வளர்த்ததா, காட்டிலிருந்து தோண்டியதா? மலிவாக, பெரிய செடியாக, வெறும் வேரோடு பையில் ட்ரில்லியம் விற்றால் பெரும்பாலும் காட்டில் தோண்டியதுதான். பத்து வருடம் வளர்த்த செடியை யாரும் அந்த விலைக்குத் தர முடியாது. வட அமெரிக்க நாட்டுச் செடிச் சங்கம் ரொறன்ரோவில் வசந்தத்தில் செடி விற்பனை நடத்தும், அங்கே நம்பி வாங்கலாம்.

வாங்கிய செடி காய்த்தால் அம்மா அடுத்த படிக்குப் போகலாம். ஜூன் வாக்கில் காய் மஞ்சளாகத் தொடங்கும்போது தினமும் பார்க்க வேண்டும், வெடித்தால் எறும்பு முந்திக்கொள்ளும். விதையைக் காயவைத்து டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது, காய்ந்தால் முளைக்கும் திறன் போய்விடும். எடுத்த அன்றே அந்த வெள்ளைச் சதையோடு அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, மேலே இலைச்சருகு போட்டு, கோடை முழுக்க ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த வசந்தத்தில் சில முளைக்கும், சில அதற்கும் அடுத்த வருடம்தான். அதுவரை அந்த இடத்தைக் கொத்தாமல் இருக்க ஒரு குச்சி நட்டு வையுங்கள்.